கடலோர வீடுகளில் தொட்டி யூக்கா: வளர்ப்பும் குறை நீக்கமும்

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீடுகளில் செடி வளர்ப்பது எளிதான காரியமல்ல. சென்னை மெரினாவில் கலங்கரை விளக்கத்தை அடுத்துள்ள நொச்சிக்குப்பத்தை எடுத்துக் கொள்வோம். நண்பகல் வாக்கில் திசை திரும்பும் கடற்காற்று, உப்புத் துளிகளையும் பொடி மணலையும் சுமந்து வந்து மாடி வராந்தாக்களில் கொட்டுகிறது. ரோஜாவின் தளிர் கருகுகிறது. பெரணிகள் ஒரு மாதம் கூடத் தாங்குவதில்லை. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் ஊற்றுகிற தண்ணீரிலும் உப்பு வருகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் தளம் கொதிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓயாத மழை பெய்கிறது. சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் வரையிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே.

இவ்வளவையும் தாங்கி நிற்கக் கூடிய அழகுச் செடிகளுள் யூக்கா முக்கியமானது. வாள் போன்று விறைத்த இலைகளுடன் தண்டின் உச்சியில் கொத்தாக நிற்கும் இச்செடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். இதில் ஏறத்தாழ 40 முதல் 50 இனங்கள் உள்ளன. பல இனங்கள் மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் வளர்பவை. யூக்கா அலாய்போலியா, யூக்கா குளோரியோசா ஆகிய இரண்டும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் மணல் மேடுகளின் மீதே இயற்கையாக வளர்கின்றன. நம் கடலோரங்களில் தாழை எப்படியோ, அங்கே இவை அப்படி. ஆகவே உப்புக் காற்று இச்செடிக்குப் புதியதல்ல.

இருந்தும், ஆசையாக வாங்கி வந்த யூக்கா முதல் மழைக்காலத்திலேயே அடித்தண்டு அழுகிச் சாய்ந்து விட்டது என்று கூறுவோர் பலர். வெயிலில் காய்ந்து செத்த யூக்காவைக் காண்பது அரிது. பெரும்பாலும் தொட்டிக்குள் தேங்கிய நீரே அதைக் கொல்கிறது. அதிலும் வருந்தத் தக்கது என்னவென்றால், வேர் அழுகத் தொடங்கியதும் இலை மஞ்சளாகிறது. வீட்டார் அதைத் தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த ஒரு தவறைத் தவிர்த்தாலே பாதிச் செடிகள் பிழைத்து விடும்.

பெயரைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. சேலம், நாமக்கல் பகுதி உழவர்கள் ஜவ்வரிசிக்காகப் பயிரிடும் மரவள்ளிக்கு ஸ்பானிய மொழியில் ‘யூகா’ என்று பெயர். அப்பெயரே குழப்பத்தினால் இந்த அழகுச் செடிக்கும் சூட்டப்பட்டு நிலைத்து விட்டது. இரண்டுக்கும் உறவில்லை. ‘யூகா கிழங்கு’ என்று படித்துவிட்டு எவரும் தொட்டி யூக்காவின் அடியைத் தோண்டிச் சமைக்க முற்படக் கூடாது. இதன் வேரிலும் தண்டிலும் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ளது. இறால் பண்ணை வைத்திருப்போர் குளத்து நீரில் அம்மோனியாவைக் குறைக்க வாங்கும் யூக்கா தூள் கூட, இந்தச் செடியின் உறவினமான யூக்கா ஷிடிஜெரா என்னும் பாலைவன இனத்திலிருந்து எடுக்கப்படுவதே.

எந்த வகை ஏற்றது?

நர்சரிகளில் மூன்று, நான்கு வகைகள் கிடைக்கின்றன. யூக்கா அலாய்போலியாவின் இலை குட்டையாகவும் மிகவும் விறைப்பாகவும் இருக்கும். நுனி ஊசி போன்று குத்தும். இலையோரத்தில் மஞ்சள் அல்லது வெள்ளைக் கோடு உடைய வகையும் உண்டு. கடற்காற்றையும் கடும் வெயிலையும் நன்கு தாங்குவது இதுதான். ஆயினும் குழந்தைகள் ஓடியாடும் குறுகிய வராந்தாவில் இதை வைப்பது ஆபத்து. யூக்கா ஜைஜான்டியா, அதாவது கடைக்காரர்கள் எலிபான்டிப்ஸ் என்று விற்கும் வகையின் இலை நீண்டு, சற்றுத் தளர்ந்து வளையும், நுனி குத்தாது. மத்திய அமெரிக்காவில் உள்ள எல் சால்வடோர் நாட்டின் தேசிய மலர் இந்த இனத்தின் பூவே ஆகும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இதுவே பொருத்தமானது. தண்டு இல்லாமல் தரையோடு வளர்ந்து இலையோரத்தில் வெள்ளை நார் தொங்கும் ஃபிலமென்டோசா வகை குளிர்ப் பிரதேசங்களுக்கே அதிகம் ஏற்றது. சென்னையில் அதை நாடிப் போக வேண்டியதில்லை.

வாங்கும்போது இலையின் பளபளப்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. தண்டின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மரக்கட்டை போல் கெட்டியாக இருந்தால் நல்ல செடி. பஞ்சு போல் அமுங்கினால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். செடியை லேசாக ஆட்டும்போது தண்டு மண்ணில் தளர்ந்து ஆடினால் வேர் பிடிக்கவில்லை என்று பொருள். இரண்டு, மூன்று தண்டுத் துண்டுகளை வெவ்வேறு உயரத்தில் ஒரே தொட்டியில் நட்டு விற்பதும் வழக்கம். அவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அழுத்திப் பார்க்க வேண்டும்.

தொட்டியும் மண்ணும்

யூக்காவிற்கு மண் தொட்டியே சிறந்தது. அதன் பக்கங்கள் வழியாகவும் ஈரம் ஆவியாவதால் வேர்ப்பகுதி விரைவில் உலர்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் அதே அளவு நீர் இரு மடங்கு நாட்கள் வரை தங்கக் கூடும். பிளாஸ்டிக் தொட்டிதான் இருக்கிறது என்றால் அடியில் நான்கைந்து துளைகளாவது இருக்க வேண்டும். சிறு செடிக்கு 8 அங்குலத் தொட்டியும், மூன்று அடிக்கு மேற்பட்ட செடிக்கு 12 அங்குலத் தொட்டியும் போதுமானவை. சிறிய செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் நன்றாக வளரும் என்று நினைப்பது தவறு. வேர் எட்டாத மண் பல நாட்கள் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு இடம் தரும்.

மண் கலவைக்குச் செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, நன்கு மக்கிய தொழுஉரம் 1 பங்கு என்ற அளவில் கலந்து கொள்ளலாம். ஆற்று மணல் கிடைக்காத இக்காலத்தில் எம்-சாண்ட் பயன்படுத்துவோர், அதைச் சலித்துக் கல்தூளை நீக்கிவிட்டுப் பருமனான பகுதியை மட்டும் எடுத்துக் கொள்ள வேண்டும். தூளுடன் போட்டால் நாளடைவில் சிமெண்ட் போல் இறுகி விடும். செங்கல்லை நிலக்கடலை அளவிற்கு உடைத்து ஒரு பங்கு சேர்ப்பது இன்னும் நல்லது. இதற்குச் செலவும் இல்லை. தென்னை நார்க்கழிவு எல்லாச் செடிகளுக்கும் நல்லது என்ற எண்ணம் பரவியுள்ளது. அது தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கக் கூடியது. கீரைக்கும் தக்காளிக்கும் அது நன்மை. யூக்காவிற்கு அதுவே கெடுதல்.

நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் வாசலிலேயே மணல் கிடக்கும்போது விலை கொடுத்து மணல் வாங்குவானேன் என்று தோன்றும். ஆனால் கடற்கரை மணலைத் தொட்டிக்கு எடுக்கவே கூடாது. அதில் உள்ள உப்பு முதல் நாளே வேரைத் தாக்கும். மேலும் அம்மணல் மிகவும் நைசாக இருப்பதால் செம்மண்ணுடன் சேரும்போது வடிகால் குறைகிறது. கடற்கரையில் மணல் அள்ளுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி தடையும் உண்டு. மணல் மேட்டில் இயற்கையாக வளரும் யூக்காவிற்குக் கடல் மணல் ஏன் ஆகாது என்ற கேள்வி எழலாம். மணல் மேட்டில் மழை உப்பை ஆழத்திற்குக் கொண்டு போய்விடுகிறது. தொட்டியில் உப்பு போவதற்கு இடமில்லை.

தொட்டியின் அடித்துளை மீது வளைவான ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்துக் கலவையை நிரப்ப வேண்டும். அடியில் தடிப்பாக ஜல்லி பரப்புவது பழைய வழக்கம். அதனால் வடிகால் கூடுவதில்லை. வேருக்குக் கிடைக்கும் மண்தான் குறைகிறது. முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் செடியை நட்டு, மேலே ஒரு அங்குலம் இடம் விட வேண்டும். நர்சரிப் பையில் உள்ள களிமண் கட்டியை அப்படியே வைத்து விடாமல், வெளிப்பகுதியை விரலால் உதிர்த்துவிட்டு நடுவது அவசியம். இல்லையெனில் புதுமண்ணில் ஈரம் காய்ந்த பின்பும் நடுவில் உள்ள களிமண் சேறாகவே இருக்கும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு?

நாள் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றுவதை விட மண்ணைப் பார்த்து ஊற்றுவதே முறை. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை மூன்று அங்குல ஆழத்திற்குச் செருகி, சில நிமிடங்கள் கழித்து உருவிப் பார்க்கலாம். ஈரமண் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். மண் தொட்டியாக இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு. பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டினால், மண் காய்ந்த தொட்டி கணீர் என்றும், ஈரத் தொட்டி மந்தமாகவும் ஒலிக்கும். பழைய தோட்டக்காரர்கள் வரிசையாகத் தட்டிக் கொண்டே போய் எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி விடுவார்கள். பத்து நாளில் எவருக்கும் இது கைவந்து விடும்.

பொதுவாகத் திறந்த மாடியில் உள்ள 12 அங்குல மண் தொட்டிக்குக் கோடையில் நான்கு நாட்களுக்கு ஒரு முறையும், ஆடி, ஆவணியில் வாரம் ஒரு முறையும், தை முதல் மாசி வரை எட்டு, பத்து நாட்களுக்கு ஒரு முறையும் போதுமானது. வீட்டுக்குள் இருப்பதற்கு இரண்டு வாரத்திற்கு ஒரு முறை என்பது கூடச் சில வேளை அதிகம். ஊற்றும்போது அடித்துளை வழியாகச் சிறிது வெளியேறும் வரை நன்கு ஊற்ற வேண்டும். இரண்டு முதல் மூன்று லிட்டர் பிடிக்கும். தினமும் ஒரு குவளை என்று ஊற்றினால் மேல்மண் எப்போதும் ஈரமாகவும் அடிமண் உப்புக் கட்டியும் போகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்களுடன் லாரிக்குக் காத்திருந்த நாட்களை நகரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேளையில் மாதத்திற்கு ஒரு குடம் தண்ணீரில் உயிரை வைத்துக் கொள்ளக் கூடிய தொட்டிச் செடிகள் அதிகம் இல்லை.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதைக் கைவிடுவது நல்லது. தரை கறைபடும் என்று வைத்தே ஆக வேண்டுமானால், தண்ணீர் ஊற்றிய அரைமணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்து விட வேண்டும். தட்டில் நிற்கும் நீரை மண் மீண்டும் உறிஞ்சி வேரை அழுக வைக்கும். டெங்கு காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதும் இத்தகைய தெளிந்த நீரில்தான். தொட்டியை இரண்டு செங்கற்களின் மீது தூக்கி வைத்தால் இரண்டு தொல்லையும் தீரும்.

உப்பை வெளியேற்றுதல்

உப்புக் காற்றைத் தாங்கும் செடி, வேரில் சேரும் உப்பை அதே அளவு தாங்குவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் தொட்டியில் தங்குகிறது. தொட்டியின் விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெண்மையாகப் பூத்திருப்பதும், இலை நுனிகள் எல்லாம் ஒரே அளவில் பழுப்பாகிக் காய்வதும் இதன் அறிகுறிகள். ஐயம் இருந்தால் மண் பரிசோதனை நிலையங்களில் தண்ணீரையும் கொடுத்துச் சோதித்துக் கொள்ளலாம்.

குழாயில் வரும் மெட்ரோ குடிநீர் கிடைக்கும் நாளில் யூக்காவிற்கு அதையே ஊற்றலாம். வாரம் ஒரு முறைதான் என்பதால் இது பெரிய சுமையல்ல. குளிர்சாதனப் பெட்டியின் வெளிக்குழாயில் சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு; வீணாகும் அந்நீரை வாளியில் பிடித்துத் தொட்டிச் செடிகளுக்குப் பயன்படுத்தலாம். அரிசி கழுவிய நீரையும் எப்போதாவது ஊற்றலாம். மீன் கழுவிய நீர் மட்டும் வேண்டாம். மீனை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது வழக்கமாதலால் அந்த உப்பு முழுவதும் தொட்டிக்கு வந்து சேரும். ஈயும் பூனையும் வருவது தனித் தொல்லை.

சேர்ந்து விட்ட உப்பைக் கழுவி வெளியேற்ற, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல நீர் தேவைப்படும். 12 அங்குலத் தொட்டிக்கு இது ஏறத்தாழ 30 லிட்டர். சென்னையில் யாரும் ஒரு செடிக்காக இவ்வளவு நீரைச் செலவிட விரும்ப மாட்டார்கள், செலவிடவும் வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த நாகை மாவட்ட வயல்களில் படிந்த உப்பைக் கரைத்து வெளியேற்றியதில் பெரும்பங்கு அடுத்து வந்த பருவமழைக்கு உண்டு. தொட்டிக்கும் அதே வைத்தியம்தான். ஐப்பசி மாதத்தில் முதலில் வரும் ஒன்றிரண்டு கனத்த மழைகளில், தட்டை அகற்றி, செங்கல் மீது ஏற்றி, தொட்டியை வெட்டவெளியில் நனைய விட வேண்டும். அடித்துளை வழியாக நீர் தாராளமாக ஓட வேண்டும். ஓடாமல் மேலே தேங்கி நின்றால் துளை அடைபட்டிருக்கிறது. ஒரு கம்பியால் குத்தி விட வேண்டும்.

இப்படி ஒரு முறை நன்றாகக் கழுவிய பின் தொட்டியைத் தாழ்வாரத்திற்கோ சன்ஷேடின் நிழலுக்கோ மாற்றி, மண் முழுவதும் காயும் வரை விட்டு விட வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதங்களில் கொட்டி விடுகிறது. உப்பைக் கழுவும் அதே மழை, நாள் கணக்கில் தொடர்ந்தால் வேரை அழுகச் செய்யும். தொட்டியை நகர்த்த இயலாதவர்கள் அதன் வாயை ஒரு பிளாஸ்டிக் தாளால் தண்டைச் சுற்றி மூடிக் கட்டலாம். புயல் ஓய்ந்த மறுநாள் இலைகள் மீது நல்ல நீரைத் தெளித்து உப்பைக் கழுவி விடுவதும் பயன் தரும்.

இலை மஞ்சளாவது ஏன்?

யூக்கா வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான். காரணம் ஒன்றல்ல என்பதால் செடியை நன்கு பார்த்த பின்பே வைத்தியம் செய்ய வேண்டும்.

அடியில் உள்ள மிகப் பழைய இலைகள் ஒன்றிரண்டாக மஞ்சளாகிக் காய்ந்து தொங்குவது இயற்கை. தென்னையில் மட்டை விழுவது போன்றதே. அவற்றைக் கீழ்நோக்கி இழுத்து அகற்றி விடலாம்.

அடியிலைகளோடு நடு இலைகளும் சேர்ந்து சில வாரங்களுக்குள் மஞ்சளானால் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் ஈரமாக இருந்து இலை மஞ்சளானால் அது வேர் அழுகல். தண்ணீரை உடனே நிறுத்த வேண்டும். மண் பொடியாகக் காய்ந்து, இலைகள் நீளவாக்கில் மடிந்து சுருங்கியிருந்தால்தான் அது தாகம்; இது அபூர்வம், நன்கு ஒரு முறை நீர் ஊற்றினால் தெளிந்து விடும்.

புதிய இலைகள் வெளிறி, நீண்டு, பலமின்றி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. வரவேற்பறை மூலையில் வைக்கப்படும் யூக்காவிற்கு நேரும் கதி இது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். கடலைப் பார்த்த கிழக்கு வராந்தா மிகவும் ஏற்றது. பல மாதங்கள் வீட்டுக்குள் இருந்த செடியை அக்னி நட்சத்திரத்தில் திடீரென்று மாடியில் வைத்தால் இலையில் வெண்மையான பொசுங்கல் திட்டுகள் உண்டாகும். அவை மீண்டும் பச்சையாகா. பத்து நாட்கள் காலை வெயிலில் மட்டும் வைத்துப் பழக்கிய பின் மாற்ற வேண்டும்.

இலையில் பழுப்பு நிற வட்டப் புள்ளிகள் தோன்றி, நடுவில் சாம்பல் நிறமாகிக் கருமையான சிறு துகள்கள் தெரிந்தால் அது பூசண இலைப்புள்ளி நோய். மழைக்காலத்தில் செடிகளை நெருக்கமாக வைத்து, இலை மீது தண்ணீர் ஊற்றுவதால் பரவுகிறது. நோயுற்ற இலைகளை வெட்டி அப்புறப்படுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து 15 நாள் இடைவெளியில் இரு முறை தெளிக்கலாம்.

அழுகிய செடியை மீட்டல்

தண்டின் அடி அமுங்கி, துர்நாற்றம் வீசி, உச்சி இலையை இழுத்தால் கையோடு வரும் நிலையில் செடியைக் காப்பது கடினம். உச்சி இலைகள் கெட்டியாக இருந்தால் அடி அழுகியிருந்தாலும் மேற்பகுதியை மீட்டு விடலாம். தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியைக் கொண்டு அழுகலுக்கு மேலே தண்டை வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ புள்ளியோ தெரிந்தால் இன்னும் இரண்டு அங்குலம் மேலே வெட்ட வேண்டும். வெட்டுமுகம் முழுவதும் தூய வெண்மையாகத் தெரியும் வரை வெட்டத் தயங்கக் கூடாது. இரக்கப்பட்டுச் சிறிதளவு பழுப்பை விட்டு வைத்தால் அழுகல் மீண்டும் மேலேறும்.

வெட்டுமுகத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு தூளைத் தடவ வேண்டும். அது இல்லாத வீட்டில் அடுப்புக் கரித்தூள் காயத்தை உலர்த்த உதவும். அடியிலைகளைப் பாதி நீக்கி, ஒரு வாரம் நிழலில் கிடத்தி வைத்தால் வெட்டிய இடம் தோல் கட்டி விடும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் அதிகமாதலால் பத்து, பன்னிரண்டு நாட்கள் வரை மின்விசிறிக் காற்றில் வைப்பது நல்லது. பின்பு பருமணல் மிகுந்த கலவையில் நான்கு அங்குல ஆழத்தில் நட்டு, குச்சி ஊன்றிக் கட்ட வேண்டும். நட்ட முதல் வாரம் தண்ணீரே வேண்டாம். அதன் பிறகும் மண் காயக் காயச் சிறிதளவே போதும். ஆறு முதல் எட்டு வாரங்களில் வேர் விடும். ஒரே தொட்டியில் மூன்று தண்டுகள் இருந்து ஒன்று மட்டும் அழுகினால், அதை மட்டும் வேரோடு அகற்றி மற்ற இரண்டைப் புதுமண்ணில் மாற்றி விடலாம்.

அழுகிய செடி இருந்த மண்ணை வேறு தொட்டிகளுக்குப் பயன்படுத்தக் கூடாது. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, நான்கு நாள் நல்ல வெயிலில் காய வைத்த பின் பயன்படுத்தலாம். புது மண்ணில் தொட்டிக்கு 10 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடியைத் தொழுஉரத்துடன் கலந்து இடுவது நோய் வராமல் தடுக்க உதவும்.

பூச்சிகள்

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலை இடுக்குகளில் ஒளிந்து சாறு உறிஞ்சுகின்றன. எறும்பு ஏறி இறங்கினால் இவை இருப்பதாகவே கொள்ளலாம். தொடக்கத்திலேயே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்து விட்டால் மருந்து தேவைப்படாது. அதிகமானால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இடுக்குகளில் படும்படி வாரம் ஒரு முறை மூன்று வாரங்கள் தெளிக்க வேண்டும். கோடையில் இலை புழுதி படிந்தாற் போல் மங்கி, அடியில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிவப்புச் சிலந்தி. நல்ல நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். ஊரிலிருந்து வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மீதியைக் கொண்டு வந்து வராந்தாவில் தெளிப்போரும் உண்டு. காற்றோட்டம் குறைந்த அடுக்குமாடி வீட்டில், அடுத்த வீட்டுக் குழந்தை உறங்கும் சன்னலுக்குப் பக்கத்தில், இதைச் செய்யவே கூடாது.

உரம்

யூக்கா உரத்தை அதிகம் கேட்கும் செடியல்ல. தை மாதத்திலும் ஆடி மாதத்திலும் தொட்டிக்கு 200 கிராம் மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம்புண்ணாக்கும் மேல்மண்ணில் கிளறி விட்டால் ஆண்டு முழுவதற்கும் போதும். உவர்நீர் ஊற்றும் தொட்டிகளுக்கு இரசாயன உரம் இடாதிருப்பதே நல்லது. உரமும் ஒரு வகை உப்புதான். லூப் சாலையில் 2024ஆம் ஆண்டு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்ட பகுதியில் மீன் கழிவுக்குப் பஞ்சமில்லை. நன்னீரில் கழுவிய மீன் கழிவும் சம எடை நாட்டு வெல்லமும் மூடிய பாத்திரத்தில் மூன்று, நான்கு வாரங்கள் ஊறினால் மீன் அமினோ கரைசல் கிடைக்கும். லிட்டருக்கு 5 மில்லி கலந்து இரண்டு மாதத்திற்கு ஒரு முறை ஊற்றலாம். பாத்திரத்தை மொட்டை மாடியில் வைப்பது அண்டை வீட்டாருடன் உறவு கெடாமல் காக்கும்.

காயமும் விபத்தும்

கூரிய நுனியுள்ள வகைகளை வைத்திருப்போர் ஒவ்வொரு இலையின் நுனியையும் நகவெட்டியால் அரை சென்டிமீட்டர் வெட்டி விட வேண்டும். செடிக்கு இதனால் கேடில்லை. குனிந்து பெருக்கும்போதும், பிள்ளைகள் பந்து எடுக்க ஓடும்போதும் கண்ணில் குத்தினால் பார்வையே போகக் கூடும். ஆகவே இந்த வகை குழந்தைகளின் கண் உயரத்தில் இருக்கவே கூடாது. நாய், பூனை இலையைக் கடித்துத் தின்றால் சப்போனின் காரணமாக வாந்தியும் எச்சில் ஒழுக்கும் உண்டாகும்.

12 அங்குலத் தொட்டி ஈரமண்ணுடன் 25 கிலோ அளவு கனக்கும். உயரமான தண்டின் உச்சியில் இலைக்கொத்து பாய் போல் காற்றைப் பிடிப்பதால் இது எளிதில் கவிழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் வேரூன்றிய பெருமரங்களையே சாய்த்தது. கைப்பிடிச் சுவர் மீது வைத்த தொட்டி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தால் கீழே நடந்து செல்பவரின் உயிருக்கே ஆபத்து. எந்தப் பருவத்திலும் கைப்பிடிச் சுவரின் மேல் யூக்காவை வைக்கலாகாது. புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை உள்ளே எடுத்துச் சுவரோரம் படுக்க வைத்து விடலாம். இரண்டு நாள் படுத்துக் கிடப்பதால் செடி கெடாது.

பூவும் புதுக்கன்றும்

வயது முதிர்ந்த செடி உச்சியில் பெரிய தண்டு விட்டு, மணி போன்ற வெண்ணிறப் பூக்களைக் கொத்தாகப் பூக்கும். ரயில் கற்றாழை பூத்ததும் பட்டுப் போவதைப் பார்த்தவர்கள் யூக்காவும் அப்படிச் சாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பூத்த உச்சி நின்று, அதன் கீழிருந்து இரண்டு, மூன்று கிளைகள் புறப்படும். காய்ந்த பூத்தண்டை மட்டும் அடியோடு வெட்டி விடலாம். பெரும்பாலான யூக்கா இனங்களில் மகரந்தச் சேர்க்கை நடத்துவது அவற்றின் தாயகத்தில் உள்ள ஒரு வகை வெள்ளை அந்துப்பூச்சி. 1870களில் சார்லஸ் ரைலி என்னும் பூச்சியியல் அறிஞர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அந்தப் பூச்சி இங்கே இல்லாததால் விதையை எதிர்பாராமல் தண்டுத் துண்டுகள், பக்கக் கன்றுகள் மூலமே பெருக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற காலம் மழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள். ஓரடி நீளத் துண்டுகளாக வெட்டி, எது மேல்பக்கம் என்று உடனே சுண்ணாம்பால் குறியிட்டு வைக்க வேண்டும். காய்ந்த பின் அடையாளம் தெரியாமல் தலைகீழாக நட்டு விட்டால் வேர் வராது. ஒரு வாரம் உலர்த்திய துண்டுகளை மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்குமாறு மணற் கலவையில் நட்டு, அரைநிழலில் வைக்கலாம். பங்குனி முடிவதற்குள் பக்க மொட்டுகள் பச்சை காட்டும். மொட்டு முளைத்ததும் மண்ணைத் தோண்டி வேர் வந்து விட்டதா என்று பார்க்கக் கூடாது. துண்டில் உள்ள சேமிப்பைக் கொண்டே முதல் இலைகள் வந்து விடும், வேர் அதற்குப் பின்பே பலப்படும். லேசாக இழுத்தால் துண்டு மண்ணைப் பற்றிக் கொண்டு நிற்கும் நிலை வந்த பிறகு, வைகாசிக் கடும் வெயில் தணிந்து ஆனி பிறந்ததும் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.